டிசம்பர் 25, டிசம்பர் 26: அடிபட்ட மண்ணை நேசிப்பது குறித்து ஒரு பதில்

தலைஞாயிறுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் பிறந்து, கஜா புயலுக்குப் பின் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பெயர்ந்து, அங்கே ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கெழுதும் தம்பி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். ஊரை நினைத்தால் சுனாமியும் புயலும் வறண்ட வாய்க்காலும்தான் தமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன என்றும், சோழவள நாடு சோறுடைத்து என்று யாரேனும் மேடையில் பெருமை பேசினால் அழுகை வருகிறது என்றும் சொல்லி, இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார். இத்தனை அடிபட்ட ஒரு மண்ணை எப்படி நேசிப்பது? விட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த மண்ணை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டா?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஏன் தாமதம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் வேளாண்மைத் துறையில் விரிவாக்கப் பணியில் சேர்ந்து, கீழ்வேளூர், கீழையூர், தலைஞாயிறு வட்டாரங்களிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன். மண் என்ற சொல்லை நாடு, ஊர், பிறப்பு என்றெல்லாம் விரித்து நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கோ அது உள்ளங்கையில் பிசுபிசுக்கும் களிமண்ணாகத்தான் முதலில் தெரிகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளியூர் மக்கள் நிறைந்திருந்தார்கள். காலை ஒன்பது மணியளவில் கடல் உள்ளே வந்தபோது, அதற்கு என்ன பெயர் என்றுகூட எங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தமிழகத்தில் அன்று இறந்த ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தில் இறந்தவர்கள். மீனவ ஊர்களான அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் ஒரு வீட்டில் அழுவதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. அதே ஆண்டு ஜூலை 16ஆம் தேதிதான் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டிருந்தார்கள். அந்த ஓலைக்கூரையைப் பார்த்த பிறகு தமிழகமெங்கும் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அந்தக் குழந்தைகளை நினைத்து அழுது ஓய்வதற்குள் கடல் வந்தது.

இறந்தவர்களை அடக்கம் செய்த பின்னர், ஜனவரியில், எங்களை வயல்களுக்கு அனுப்பினார்கள். கதிர் முற்றிக்கொண்டிருந்த சம்பாவின் மேல் கடல்நீர் நின்று வடிந்திருந்தது. கடல் கொண்டுவந்து கொட்டிய கருஞ்சேறு சில இடங்களில் கணுக்கால் அளவுக்குப் படிந்து, காய்ந்து, ஓடு ஓடாகப் பிளந்து கிடந்தது. அதன்மேல் உப்புப் பூத்திருந்தது. மண்ணை நீரில் கரைத்து அதன் மின்கடத்தும் திறனை அளந்து பார்த்தால், நெல் தாங்கக்கூடிய அளவைப் பன்மடங்கு கடந்த எண்ணையே கருவி காட்டியது. இந்த நிலங்கள் தேறப் பல ஆண்டுகள் ஆகும் என்று அறிந்தவர்களே பேசினார்கள். "மண்ணு செத்துப்போச்சு" என்று உழவர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் உப்பேறிய மண்ணைத் தேற்றும் முறை ஒன்று உண்டு. அவசரப்படாமல் அதன் வரிசைப்படி செய்ய வேண்டும். முதலில் மேலே படிந்த சேற்றைச் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும்; அதைக் கீழே புரட்டி உழுதுவிட்டால் தீங்கு ஆழத்துக்குப் போய்விடும். பிறகு வரப்பை உயர்த்தி, வடிகாலைத் தூர்வாரி வழிவிட்டு, மழைநீரை வயலில் தேக்கி, உப்பு கரைந்ததும் வடித்து, மறுபடியும் தேக்கி வடிக்க வேண்டும். களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தை வெறும் தண்ணீர் பெயர்க்காது. அங்கே ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதனை நீரோடு வெளியேற்றும். அதன்பின் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். முதல் பயிராக உப்பைத் தாங்கும் டி.ஆர்.ஒய். 1 போன்ற ரகங்களையோ, கடலோரத்தில் முன்பு வழக்கிலிருந்த குழிவெடிச்சான் போன்ற பழைய நெல்லையோ நட வேண்டும். 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அளவுக்கு மிஞ்சிப் பெய்தது. அந்த மழை வேறு பல துன்பங்களைத் தந்தாலும், எங்கள் வயல்களிலிருந்த உப்பை அதுதான் கழுவியது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட வயல்களில் பல, அடுத்த ஓரிரு பருவங்களிலேயே கதிர் வாங்கின.

இவ்வளவையும் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாதங்களில் வடிகாலில் இறங்கி மண்வெட்டி பிடித்தவர்களில் யாரும் ஊர்ப்பெருமை பேசி நான் கேட்டதில்லை. மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் ஜிப்சம் மூட்டையை முதுகில் சுமந்து வந்து வரப்பில் இறக்கிவிட்டு, பேசாமல் அடுத்த மூட்டைக்குத் திரும்பினார். மேடைப் பேச்சைக் கேட்டு உங்களுக்கு அழுகை வருகிறது என்றால், அந்தப் பேச்சில் இந்தத் தகப்பனுக்கு இடமில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் அன்புக் குறைவு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இங்கே என்னுடைய குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் அப்போது கையில் வைத்திருந்த கணக்கெடுப்புப் படிவத்தில் சர்வே எண், பட்டாதாரர் பெயர், பாதிக்கப்பட்ட பரப்பு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. அந்த வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்து, அறுத்து வயிறு கழுவியவர்களுக்குக் கட்டம் இல்லை. கீழையூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பில் வயதான பெண்மணி ஒருவர் என்னை நிறுத்தி, "படகு போனவுகளுக்குப் படகு எழுதுறீங்க, வயலு போனவுகளுக்கு வயலு எழுதுறீங்க, எனக்கு நடவு போச்சே, அது எந்தக் காயிதத்துல சார் இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நிவாரண முகாம்கள் சிலவற்றில் தலித் மக்கள் தனியே ஒதுக்கப்பட்டதையும் நான் கண்ணால் கண்டேன். பார்த்துவிட்டு, என் வேலை மண்ணைப் பற்றியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நகர்ந்தேன். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

நாகை மாவட்டத்தின் நாட்காட்டியில் டிசம்பர் 26க்கு முந்தைய நாளும் ஒரு துக்க நாள். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகவும் சங்கத்தில் சேர்ந்ததற்காகவும் தாக்கப்பட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்தன. அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களுக்குக் கீழ்நீதிமன்றம் தண்டனை வழங்கியது. ஆனால் செல்வமும் செல்வாக்கும் உடைய அத்தகையோர் தாங்களே நடந்து சென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருள்படக் கூறி, 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

இந்த இரண்டு நாட்களையும் ஒரே மாவட்டம், ஒரே வாரத்தில், ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறது. இருபத்தைந்தாம் தேதி செங்கொடி ஏந்தியவர்கள் வெண்மணி நினைவிடத்துக்குப் போகிறார்கள். இருபத்தாறாம் தேதி கடற்கரையில் பால் ஊற்றுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இவற்றில் ஒன்றுதான் துக்க நாள். மற்றொன்று வேறு யாருடையதோ துக்கம். என்னைப் பொறுத்தவரை, இந்த மண்ணை நேசிப்பது என்பது இரண்டு நாட்களையும் ஒருவர் தம்முடையவையாக ஏற்றுக்கொள்வதில்தான் இருக்கிறது. கடல் செய்ததை மன்னிக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. கடலோடு மறுபடி பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. வெண்மணியில் செய்தது நம் மனிதர்கள். சோறுடைய அதே நாட்டில், அந்தச் சோற்றை விளைவித்தவர்கள் அரைப்படிக்காகக் கொளுத்தப்பட்டார்கள் என்பதைப் பேசாமல் மறைத்துவிட்டு ஊரை நேசிப்பது, மேலே படிந்த சேற்றை அகற்றாமல் உழுவதைப் போன்றது. நான் ஒரு வேளாண்மைக்காரன். எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரிகிறது.

அந்தச் சேற்றை அகற்ற முனைந்தவர்களும் இங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த காலத்தில், 1940களில், கீழத்தஞ்சையின் சேரிகளுக்குள் சென்று அம்மக்களைச் சங்கமாகத் திரட்டியவர்களில் முதன்மையானவர் பி. சீனிவாசராவ். அவர் கன்னட நாட்டில் பிறந்தவர். தமிழ் அவருடைய தாய்மொழி அன்று. 1961இல் மறையும்வரை இந்த மக்களோடுதான் வாழ்ந்தார். வெண்மணிக்குப் பிறகு இப்பகுதிக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்து, அதைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்வித்தார்கள். உங்கள் இரண்டாம் கேள்வி உரிமையைப் பற்றியது அல்லவா? இந்த மண்ணில் பிறக்காத இவர்கள் இதற்காகச் செய்தவற்றை எண்ணிப் பார்த்தால், பிறந்து விட்டுப்போன உங்களுடைய உரிமையைப் பற்றி ஐயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை.

சீனிவாசராவின் பிறப்பிடத்தை நான் வேண்டுமென்றேதான் குறிப்பிட்டேன். காவிரித் தண்ணீர் வராத ஆண்டுகளில் எங்கள் பக்கம் மண்பற்று வெகு எளிதாக அயலார் மீதான வெறுப்பாக மாறிவிடுகிறது. மேலே கர்நாடகத்திலும் அப்படியே. 1991இல் காவிரி நடுவர் மன்றம் கர்நாடகம் தமிழகத்துக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீர் தர வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு அளித்ததைத் தொடர்ந்து, அந்த டிசம்பரில் பெங்களூரிலும் சுற்று வட்டாரங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டு, பல்லாயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் பலர் நம்மைப் போலப் பிழைப்புத் தேடிப் போனவர்கள். 2007இல் வந்த இறுதித் தீர்ப்பு மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கிடைக்க வேண்டிய நீரை 192 டி.எம்.சி. என்று வகுத்தது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. இந்த எண்கள் எங்கள் டீக்கடைகளில் மனப்பாடமானவை. உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்பவன் அல்லன் நான். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை என்றால் குறுவை போய்விடும் என்பதை வயலில் நின்று அறிந்தவன். ஆயினும் மாண்டியாவின் கரும்பு விவசாயியும் கடன் வாங்கித்தான் நடுகிறார் என்பதும் உண்மை. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். ஜனகராஜனின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் சென்று பார்த்தார்கள். தீர்வு எட்டப்படவில்லை என்றாலும், அந்தப் பயணங்கள் நடந்தது எனக்கு மிகப் பெரிய செய்தி. சுனாமிக்குப் பின் நம் ஊர்த் தொண்டர்களுக்கு மனக்காயத்தை ஆற்றும் பயிற்சியை அளித்தவர்களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தாரும் இருந்தார்கள் என்பதையும் நான் மறப்பதில்லை.

இனி, நீங்கள் ஊரை விட்டுப் போகக் காரணமான 2018ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அவ்வாண்டு ஆடியில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஆற்றில் புது வெள்ளத்தைப் பார்த்துப் பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் கொண்டுபோய்ப் படித்துறையில் படைத்தார்கள். ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு முக்கொம்பில், 1836இல் கட்டப்பட்ட மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடம் வழியாக வெள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கையில், காவிரிப் பாசனத்தின் கடைக்கோடியில், அடப்பாற்றின் கடைமடையில் நாம் தண்ணீருக்குக் காத்திருந்தோம். அதன்பின் நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. எங்கள் வழக்கில் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்பார்கள். நட்ட பிள்ளை காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் வேதாரண்யத்திலும் இருபது முப்பது ஆண்டுகளாக வளர்த்த மரங்கள் ஒரே இரவில், ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கம்பம் நடக் கேரளத்திலிருந்து மின் ஊழியர்கள் வந்தார்கள். அந்த ஆகஸ்டில்தான் அவர்களுடைய ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியிருந்தன.

அந்தப் புயலுக்குப் பின் நான் போன வீடுகள் பலவற்றில் வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு நெகிழிப் பை தொங்குவதைப் பார்க்கிறேன். குடும்ப அட்டை, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள் அதில் இருக்கும். ஐப்பசி பிறந்தால் அந்தப் பையை ஒருமுறை இறக்கிச் சரிபார்க்கிறார்கள். இரவில் காற்றுச் சத்தம் கூடினால் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வட்டாரமே சேர்ந்து சுமக்கும் இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஊரை நினைத்தால் உங்களுக்குப் புயல்தான் முதலில் வருகிறது என்றால், திருப்பூரில் இருந்தாலும் அந்தப் பை உங்கள் கதவுக்குப் பின்னாலும் தொங்குகிறது என்று பொருள். நீங்கள் போனது பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்காக. அதற்காக என்னிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருந்த வரிகளைப் படிக்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நூறாண்டுகளுக்கு முன்பே நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறிய மக்களின் வழியில் வந்தவர்கள் நாம். போனவர்கள் அனுப்பிய பணத்தில்தான் இங்கே எத்தனையோ ஓட்டு வீடுகள் எழுந்தன.

தொலைவிலிருந்து செய்யக்கூடியவை உண்டா என்று கேட்பீர்களானால், எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் அப்பாவும் அம்மாவும் இருக்கும்போதே, எந்த வாய்க்கால் எங்கே பிரிந்தது, எந்த வடிகால் யாருடைய மனைக்கடியில் தூர்ந்துபோனது, யார் யார் எந்தக் குடிசையில் இருந்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். வெள்ளம் வடியாமல் நிற்கும்போது அந்தத் தாள் எந்த வரைபடத்தையும்விட உதவும்; நானே அப்படிப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வடிகால்களைக் கண்டுபிடித்திருக்கிறேன். கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றுக்காவது வந்து, கடைமடை சட்ரஸின் (மதகின்) பலகைகள் பழுதாகிக் கடல்நீர் உள்ளே ஏறுவதைப் பற்றிக் கேளுங்கள். நிவாரணப் பட்டியல் எப்போது எழுதப்பட்டாலும், நடவு போனவர்களின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அது. டிசம்பரில் விடுமுறை கிடைத்தால் இருபத்து நான்காம் தேதி இரவே புறப்பட்டு வாருங்கள். இருபத்தைந்தாம் தேதி வெண்மணிக்கும் இருபத்தாறாம் தேதி கடற்கரைக்கும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சேர்ந்தே போவோம். அவர்களுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் தயங்கினால் நான் சொல்கிறேன்.

தாமதத்துக்கான காரணம் இதுதான். உங்கள் கடிதம் வந்த மறுநாள் பேருந்து ஏறி உங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அரிச்சந்திரா நதியில் தண்ணீர் வந்திருக்கிறது. உங்கள் அப்பாவின் வயலில் குத்தகைக்காரர் சம்பா நட்டுப் பச்சை பிடித்திருக்கிறது. விழுந்த தென்னைகளின் குழிகள் இன்னும் அடையாளம் தெரிகின்றன. அவற்றில் இரண்டில் புதிதாகப் பிள்ளை வைத்திருக்கிறார். கிழக்கு வரப்பில், கஜாவில் பாதி சாய்ந்து விழாமல் நின்றுகொண்ட ஒரு மரம் இருக்கிறதல்லவா, அது இப்போதும் காய்க்கிறது. ஆனால் அதன் நிழல் நாற்றங்காலில் விழுகிறதாம். வெட்டலாமா, விட்டுவிடலாமா என்று உங்களைக் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொல்லியனுப்பினார். நீங்கள் சொல்லாமல் அதில் கை வைக்க மாட்டாராம். அவருக்கு நான் என்ன சொல்லட்டும், தம்பி?